காஸ்வேயில் தொடங்கலாம் உலகப் பயணம்

உட்காருங்கள், தே தாரிக் வரட்டும். பிள்ளைக்குக் கணினியில் உலகத்தைக் காட்ட ஆசைப்படுகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஈபிள் கோபுரத்துக்கும் பிரமிடுக்கும் கூட்டிப் போய்விடாதீர்கள். முன்பின் தெரியாத ஊரை இரண்டு நிமிடம் பார்ப்பான். பிறகு ஏதாவது விளையாட்டுக் காணொளிக்குத் தாவிவிடுவான். அவன் கால் பட்ட இடத்திலிருந்து கிளம்புங்கள்.

கூகுள் எர்த்தில் ஜொகூர் பாருவைத் தேடுங்கள். சிங்கப்பூரோடு நம்மை இணைக்கும் காஸ்வே கோடு போட்டதுபோல் தெரியும். தூரம் அளக்கும் கருவி அதிலேயே இருக்கிறது. நம் கரையில் ஒரு சொடுக்கு, சிங்கப்பூர்க் கரையில் ஒரு சொடுக்கு. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலாகக் காட்டும். நெரிசலில் காருக்குள் நெளிந்துகொண்டே அந்தப் பக்கம் போன பிள்ளைக்கு அந்தத் தூரத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இப்போது பாரிசுக்குப் போங்கள். ஈபிள் கோபுரம் 1889இல் கட்டி முடிக்கப்பட்டது, உயரம் 330 மீட்டர். அதுபோல் மூன்றைப் படுக்க வைத்தால் நம் காஸ்வே ஏறக்குறைய நிறைந்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள். "அப்போ கே.எல். இரட்டைக் கோபுரம்?" என்று அவனே கேட்பான். 452 மீட்டர்.

அடுத்து, பழைய செயற்கைக்கோள் படங்களை 1984லிருந்து வரிசையாக ஓட்டிக் காட்டும் டைம்லேப்ஸ். கேலாங் பாத்தா கடலோரத்தில் வைத்து ஓட்டுங்கள். வருடங்கள் நகர நகரக் கடல் கடலாகவே இருக்கும்; 2014க்குப் பிறகு தண்ணீருக்குள் மணல் திட்டு எழும்பி, அதன்மேல் ஃபாரஸ்ட் சிட்டி கட்டடங்கள் வரும். மனிதன் நிலத்தை உண்டாக்குவதை நம் வாசலிலேயே பார்த்த பிள்ளைக்கு, துபாயின் பேரீச்சமரத் தீவைக் காட்டினால் அது எப்படி வந்தது என்று சட்டெனப் புரியும்.

எனக்கு இதிலெல்லாம் மிகப் பிடித்தது நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கோடு போடுவது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், பெரும்பகுதி வெறும் நீலம். அந்த நீலத்தைக் கடந்துதான் ரஜுலா போன்ற கப்பல்களில் நம் பாட்டன்மார் வந்தார்கள். கோட்டின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள், அவசரப்படாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை தேடிக் கண்டுபிடிக்கட்டும். புகழ்பெற்ற இடங்களின் பட்டியல் எதிலும் அந்த ஊர் இருக்காது. இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதுதான் என்பேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: திரையில் தெரிவது நேரலை இல்லை. வெவ்வேறு நாளில் செயற்கைக்கோளும் விமானமும் எடுத்த படங்களின் ஒட்டு. பாட்டி வாசலில் நிற்பது தெரியவில்லையே என்று சின்னப் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்.

கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு வேலைக்குப் போனால் இது எதுவும் நடக்காது. ஒரு நாளைக்கு ஓரிடம் போதும், கூடவே உட்காருங்கள். வரும் பள்ளி விடுமுறைக்குப் பொந்தியான் பக்கம் தஞ்சோங் பியாயை அவனையே தேடச் சொல்லுங்கள். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி அது, நம் ஜொகூரில்தான் இருக்கிறது. கண்டுபிடித்ததும் காரில் ஏற்றி அங்கே கூட்டிப் போங்கள்.