ஜினாக்கும் பைனாக்கும்: பிரிந்த இடம் எது?

ஒரு நிரலகத்தை ஃபோர்க் பண்ணினால் பெயரைத் தவிர என்னதான் மாறும்? இதைத் தெரிஞ்சுக்க நான் எடுத்துக்கொண்ட ஜோடி ஜினாக், பைனாக். இரண்டும் குறியீட்டு இயற்கணிதத்துக்கான சி++ நிரலகங்கள்.

ஜினாக், ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக இயற்பியல்காரர்கள் தங்கள் துகள் இயற்பியல் கணக்குகளுக்காக எழுதியது. பெயரின் விரிவே ‘ஜினாக் ஒரு கணினி இயற்கணித அமைப்பு அல்ல’ என்பதுதான். குசும்பு! எண்களைக் கையாளும் வேலையை அது சி.எல்.என் என்ற இன்னொரு நிரலகத்திடம் விட்டுவிடும்.

சேஜ் மென்பொருள் அப்போது குறியீட்டுக் கணக்குகளை மேக்சிமாவுக்கு அனுப்பி, விடையை எழுத்துச் சரமாக வாங்கிக்கொண்டிருந்தது. சின்னக் கூட்டலுக்கும் இந்தப் போக்குவரத்து என்றால் தாமதம்தானே. ஜினாக்கை எடுத்தால் வேகம் கிடைக்கும், ஆனால் சேஜிடம் ஏற்கெனவே தனக்கென எண் வகைகள் உண்டு. அதனால் சி.எல்.என்-ஐ வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பைத்தான் ஆப்ஜெக்டை வைத்தார்கள். அதுதான் பைனாக். 2009-இல் வந்த சேஜ் 4.0 அதற்கு மாறியது.

மாற்றம் ஒரே இடத்தில்தான், விளைவு பெரிசு. குணகமாக இப்போது எந்த எண்ணும் வரலாம். 7-ஆல் வகுத்த மீதியாக 5 இருந்தால், 5-ம் 5-ம் சேர்ந்து 3 ஆகும். கூட்டுவது அந்த ஆப்ஜெக்டே, பைனாக்குக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொரு வித்தியாசம் பார்க்க அற்பம்: உறுப்புகளை அச்சிடும் வரிசை. ஜினாக்கில் அது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம், கணிதப்படி தப்பில்லை. ஆனால் சேஜின் ஆவண உதாரணங்களே அதன் சோதனைகளும். விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார்கள். வரிசை மாறினால் சரியான விடையும் ஃபெயில்! அதனால் அச்சுக்கென்று தனி வரிசைமுறை எழுத வேண்டியதாச்சு.

எனக்குப் பிடித்தது பிற்பாடு நடந்தது. ஒவ்வொரு எண்ணும் பைத்தான் வழியாகப் போவது செலவு. ஆகவே பிந்தைய பைனாக்கில் முழு எண்களையும் பின்னங்களையும் நேரடியாக ஜி.எம்.பி-யிடமே கொடுத்துவிட்டார்கள். பைத்தான் மற்ற எண்களுக்கு மட்டும். வெட்டிய இடத்திலேயே பாதி ஒட்டுப் போட்ட மாதிரி.

நஷ்டமும் உண்டு. அடிப்படையே இவ்வளவு விலகியபின் ஜினாக்கில் வரும் திருத்தங்களை அப்படியே இழுத்துக்கொள்ள முடியாது, கையால்தான் பொருத்தணும். பைனாக் இன்று தனி நிரலகமாகவும் இல்லை. அதன் கோடு சேஜுக்குள்ளேயே போய்விட்டது. நீங்கள் சி++-இல் எழுதுகிறவர் என்றால் எடுக்க வேண்டியது ஜினாக்தான்.