மணிக்கட்டில் எத்தனை முள்?

பழவேற்காட்டில் நண்டு வாங்குபவர் முதலில் அதைப் புரட்டிப் பார்ப்பார். வயிற்று மடல் ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். அடுத்தது எடை. அதோடு பேரம் தொடங்கிவிடும். ஆனால் தராசுத் தட்டில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடக்கும் இரண்டு சேற்று நண்டுகளும் ஒரே இனம்தானா?

பெரும்பாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பொன்னேரி வட்டத்தில் தொடங்கி ஆந்திரம் வரை விரிந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. நம் நாட்டில் இதுபோன்ற கழிகளில் வாழும் சேற்று நண்டுகளில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று சில்லா செராட்டா: இரண்டு கிலோவையும் தாண்டி வளரும். மற்றொன்று சில்லா ஒலிவேசியா: உருவில் சிறியது, பொதுவாக ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும், வளை தோண்டுவதில் கெட்டி.

வளர்ந்த நண்டென்றால் எடையே பாதி சொல்லிவிடும். அரைக் கிலோ நண்டு கையில் இருந்தால்தான் சிக்கல். அது சின்ன இனத்தின் பெரியவனா, பெரிய இனத்தின் சின்னவனா?

கொடுக்கைப் பார்க்க வேண்டும். கவ்வும் பகுதிக்குப் பின்னால், கை மடங்கும் இடத்தில் ஒரு கணு இருக்கிறது. நம் மணிக்கட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதன் வெளிப்புறத்தில் கூரான இரண்டு முட்கள் நின்றால் செராட்டா. ஒரே ஒரு முள், அதுவும் மழுங்கிப்போன மொட்டாக இருந்தால் ஒலிவேசியா. அடுத்து, இரு கண்களுக்கும் நடுவே ஓட்டின் விளிம்பில் உள்ள நான்கு பற்கள். செராட்டாவுக்கு அவை உயர்ந்து கூராக இருக்கும். ஒலிவேசியாவுக்குத் தேய்ந்த ரம்பம்போலத் தணிந்திருக்கும். கடைசியாகக் கால்கள். செராட்டாவின் கொடுக்கிலும் கால்களிலும், குறிப்பாகக் கடைசித் துடுப்புக் கால்களில், வலைக்கண் போன்ற கோலம் தெளிவாக ஓடும். ஒலிவேசியாவில் அந்தக் கோலம் இராது.

நிறத்தை நம்பி முடிவெடுப்பது ஆபத்து. செராட்டா பச்சை, ஒலிவேசியாவின் கொடுக்கு செம்மை என்பார்கள். சேறும் தண்ணீரும் மாறினால் நிறமும் மாறும். குஞ்சு நண்டில் முள்ளும் ஏமாற்றக்கூடும். ஆகவே மூன்று அடையாளங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனாலும் இது எளிய வேலைதான். வெறும் கண் போதும்.

இத்தனை எளிதான அடையாளம் இருந்தும் பெயர்க் குழப்பம் இருநூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசின் மாணவரான ஃபோர்ஸ்கால் செராட்டாவுக்குக் கொடுத்த பெயர், அவர் இறந்தபின் 1775-ல் அச்சானது. ஒலிவேசியாவுக்கு 1796-ல் ஹெர்ப்ஸ்ட் பெயரிட்டார். 1798-ல் லின்னேயசின் இன்னொரு மாணவரான ஃபாப்ரிசியஸ், டேனியர்கள் கோட்டை கட்டிய நம் தரங்கம்பாடியின் பெயரிலேயே டிராங்குபாரிகா என்ற இனத்தை அறிவித்தார். 1949-ல் பிலிப்பைன்சின் எஸ்டம்படார் நண்டுகளை வெவ்வேறு இனங்களாகப் பிரித்தார். 1960-ல் ஸ்டீவன்சனும் கேம்பலும் எல்லாவற்றையும் ஒரே இனமாக்கிவிட்டார்கள். 1998-ல் கீனன், டேவி, மான் மூவரும் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து உலகில் மொத்தம் நான்கு இனங்கள் என்று வரையறுத்தார்கள்.

இந்தியாவிலோ நெடுங்காலம் பெரிய நண்டை டிராங்குபாரிகா என்றும், சிறியதைச் செராட்டா என்றும் எழுதிவந்தார்கள். 2014-ல் வெளியான மரபணு ஆய்வு அந்தப் பெயர்ப்பலகையைக் கழற்றி மாட்டியது: பெரியதுதான் செராட்டா, சிறியது ஒலிவேசியா. தரங்கம்பாடியின் பெயர் தமிழகத்துப் பெரிய நண்டிடமிருந்து போய்விட்டதில் சிறு வருத்தம் வரலாம்.

பண்ணைக்காரருக்கு வருத்தப்பட நேரமில்லை. பெரிதாக வளரும் என்று நம்பி இறக்கிய குஞ்சுகளில் பாதி ஒலிவேசியாவாக இருந்தால், தீனிச் செலவுதான் ஏறும், எடை ஏறாது. சினைப்பருவத்தை எட்டும் அளவும் இரண்டுக்கும் வேறு. எனவே, எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்பதற்கு ஒரே கணக்கு இரண்டுக்கும் பொருந்தாது.

உயிரோடு அனுப்பும் நண்டின் கொடுக்கை மடக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அப்போது மணிக்கட்டுதான் முன்மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும். கயிற்றை அவிழ்க்காமலே முள்ளை எண்ணிவிடலாம்.