மாவுக்கட்டுக்குள் என்ன நடக்குது?

குட்டீஸ்! லீவு விட்டால் சின்னமனூர்ப் பசங்களை வீட்டில் பார்க்க முடியுமா? முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் குளியல், தென்னந்தோப்பில் கிரிக்கெட், புளியமரத்தில் ஏறி உலுக்கல்... திடீரென்று கிளை முறிகிறது. உங்கள் நண்பன் கையை ஊன்றி விழுகிறான். மணிக்கட்டுக்கு மேலே கை கோணலாக இருக்கிறது. பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. என்ன செய்வீர்கள்?

"உருவி விட்டா சரியாயிடும்டா!' என்று கூட்டத்தில் ஒருவன் கட்டாயம் சொல்வான். அவன் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். கையை இழுக்கவும் வேண்டாம், நீவவும் வேண்டாம். இருக்கிற நிலையிலேயே, நாளிதழை மடித்துக் கீழே வைத்து, துண்டால் தளர்வாகக் கட்டி, கழுத்தில் தூளி போல மாட்டி விடுங்கள். காப்பு, கயிறு, மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றி விடுங்கள். சாப்பிடக் கொடுக்காதீர்கள், ஒருவேளை ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஒருவர் ஓடிப்போய்ப் பெரியவர்களை அழைத்து வரட்டும். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். சின்னமனூரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய முறிவு என்றால், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

பச்சை வேப்பங்குச்சியை வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பிளக்கும். மறுபக்கம் வளைந்து நிற்கும். குழந்தைகளின் எலும்பும் பல நேரம் அப்படித்தான் முறியும். வெளியே பார்த்தால் சாதாரணச் சுளுக்கு மாதிரி இருக்கும். அதனால்தான் எக்ஸ்ரே அவசியம். இன்னொன்று, உங்கள் எலும்பின் முனைகளில் "வளர்ச்சித் தட்டு' இருக்கிறது. எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். அதில் அடிபட்டதைக் கவனிக்காமல் விட்டால், கை கோணலாகவோ குட்டையாகவோ வளரலாம்.

எக்ஸ்ரே கதிரை ரான்ட்ஜன் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1896 பிப்ரவரி 3-ல் அமெரிக்காவில் எட்டி மெக்கார்த்தி என்ற 14 வயதுப் பையனின் ஒடிந்த மணிக்கட்டைப் படம் எடுத்தார்கள். உறைந்த ஆற்றில் சறுக்கி விளையாடி விழுந்தவன் அவன்! படம் எடுக்க ஆன நேரம் 20 நிமிடம். அத்தனை நேரமும் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும், பாவம். இன்று கண் சிமிட்டும் நேரம்தான்.

அடுத்தது மாவுக்கட்டு. அந்த மாவு, ஜிப்சம் என்ற கல்லைச் சூடாக்கி அதிலுள்ள நீரைப் போக்கிய தூள். தண்ணீர் பட்டதும் மறுபடியும் கல்லாக இறுகும். அப்போது வெதுவெதுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். மத்தைசென் என்ற டச்சு ராணுவ டாக்டர், இந்தக் கட்டு முறையை 1852-ல் எழுதி வெளியிட்டார்.

ஆனால், எலும்பை ஒட்டுவது மாவு இல்லை! கான்கிரீட் இறுகும்வரை கொத்தனார் பலகையும் முட்டும் கொடுப்பாரே, அது மாதிரிதான் கட்டு. வேலை செய்வது எலும்புதான். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். இரண்டு, மூன்று வாரத்தில் மெத்தென்ற புது இணைப்பு உண்டாகும். பிறகு அதில் கால்சியம் படிந்து கெட்டியாகும். முன்கை என்றால் உங்கள் வயதில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். கால் என்றால் கூடுதல்.

நம் பக்கம் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசிக் கட்டுகிற வழக்கமும் உண்டு. எக்ஸ்ரே பார்க்காமல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று விரல்கள் அழுகக்கூடும். கையையே எடுக்க வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலும் இதே கவனம் வேண்டும். விரல் நீலமாகவோ வெளுப்பாகவோ மாறினாலும், மரத்துப் போனாலும், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலும், "காலையில் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அம்மா திட்டுவார் என்று வலியை மறைக்காதீர்கள்!

கட்டுக்குள் அரிக்கும். அதற்காக ஸ்கேலையோ காம்பஸையோ உள்ளே விட்டுச் சொறிந்தால் புண்ணாகிவிடும். குளிக்கும்போது கட்டு நனையாதபடி பாலிதீன் பை கட்ட வேண்டும். ஆட்டுக்கால் சூப் ருசிதான். ஆனால், அதில் கரைந்து வரும் கால்சியம் கொஞ்சம்தான். கேழ்வரகுக் களி எவ்வளவோ மேல். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பால், முட்டை, கீரையும் வேண்டும்.

இதையெல்லாம் அவன் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஒடிந்தது எழுதும் கையா? உங்கள் நோட்டில் கார்பன் பேப்பர் வைத்து எழுதுங்கள். அவனுக்கும் ஒரு பிரதி ரெடி! புத்தகப் பையைத் தூக்கிக் கொடுங்கள். தேர்வு வந்தால் என்ன செய்யலாம் என்று டீச்சரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கட்டைப் பிரித்த அன்று கை மெலிந்து, தோல் உரிந்து, மடக்க வராமல் இருக்கும். கேலி செய்யாதீர்கள். டாக்டர் சொன்ன பயிற்சியை அவனோடு உட்கார்ந்து நீங்களும் செய்யுங்கள். கட்டு பிரித்தாயிற்றே என்று அன்றைக்கே மைதானத்துக்கு இழுக்கவும் வேண்டாம். புது எலும்பு பலமாக இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை தென்னந்தோப்பு மேட்சில் அவன்தான் அம்பயர். எல்.பி.டபிள்யூ. கொடுத்தால் சண்டை போடக் கூடாது, சரியா?