சினிமாக் கொட்டகையில் பௌதிகம்

மாணவ நண்பர்களே! சிரிக்க வேண்டுமா? சார்லி சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) பாருங்கள். அவர் ஏன் அப்படி விறுவிறுவென்று நடக்கிறார், தெரியுமா? வினாடிக்கு 18 படங்களாக எடுத்த காட்சிகளைத் திரையில் 24 வீதம் ஓட்டினார்கள். 4 வினாடி நடை 3 வினாடியில் முடிந்துவிடுகிறது!

புராணப் படமென்றால் ‘மாயா பஜார்’ (1957). லட்டுகள் தாமே பறந்து கடோத்கஜன் வாய்க்குள் போகும். கணிப்பொறி எட்டிப் பார்க்காத காலம். எல்லாம் காமிராவின் தந்திரந்தான். எப்படி எடுத்திருப்பார்கள்? யோசியுங்கள்.

எங்கள் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில், அருவியைக் காணுமுன்பே அதன் இரைச்சல் காதில் விழும். சுமந்து வருவது காற்று. காற்றில்லாத விண்வெளியில்? ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) படத்தில் விண்வெளி வீரர் ஒருவர் வெளியே தூக்கியெறியப்படுகிறார், சத்தமே இல்லை. உடல் சிலிர்த்துவிடும். ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்திலோ அதே விண்வெளியில் வெடிகள் முழங்கும். பௌதிகப்படி தவறுதான், ஆனாலும் எனக்குப் பிடித்த படம்.