சுண்டல்காரர் வராத ஞாயிறு

கடற்கரைக்குப் போய்வர ஒத்திகை வேண்டுமா? "நன்றாயிருக்கிறது! காற்று வாங்கப் போவதற்கும் ஒத்திகையா?" என்று நீங்கள் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரிக்கத்தான் சிரித்தேன். மந்தைவெளியில் ஒரு வீட்டில் பத்து நாள் நடந்த ஒத்திகையைப் பற்றிக் கேட்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, பதின்மூன்று வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன். பையனை அம்மா "கண்ணா" என்றுதான் கூப்பிடுகிறார். நாமும் கண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

கண்ணன் கெட்டிக்காரன். வேளச்சேரி ரயில் பாதையிலுள்ள ஸ்டேஷன்களை முன்னும் பின்னுமாக ஒப்பிப்பான். ஆனால் நீலத் தட்டு இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டால், பழைய சட்டைக்கு மாறும்வரை வீடு ரெண்டுபடும். அவனுக்கு ஆட்டிசம்.

இதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். 1943-ஆம் வருஷம் அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற டாக்டர், பதினோரு குழந்தைகளைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார். எல்லாம் நேற்றிருந்தபடியே இன்றும் இருக்கவேண்டும் என்று அந்தக் குழந்தைகள் தவிப்பதை அவர் குறித்துவைத்தார். நமக்குச் சாதாரணமாகத் தெரியும் ஓசையும் வெளிச்சமும் கூட்டமும் இவர்களில் பலருக்கு மிகப் பெரிய தொல்லை. எதிர்பாராதவை நிறைந்த உலகத்தில், மாறாத ஒரு பழக்கம்தான் அவர்களுக்குக் கைப்பிடிச் சுவர். அதைச் சட்டென்று பிடுங்கினால் யார்தான் அலறமாட்டார்கள்?

"வளர்ப்பு சரியில்லை" என்று தாயார்மீது பழி போட்ட காலமும் ஒன்று இருந்தது. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற மனநூல் நிபுணர், தாமே இத்தகைய பிள்ளையின் தகப்பனார், 1964-இல் ஒரு புத்தகம் எழுதி அந்தப் பழியை மறுத்தார். ஆனாலும் நம் கல்யாணக் கூடங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் சரியாக வந்து சேரவில்லை!

கண்ணனின் அம்மா என்னிடம் சொன்னார்: "மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தோம். நாயனம் ஆரம்பித்ததும் இவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்தினான். 'நாலு போடு போட்டால் சரியாகிவிடும்' என்றார் ஒரு மாமி. அன்றைக்கு இவன் அழுததைவிட நான் அழுததுதான் அதிகம். அதோடு எந்த விசேஷத்துக்கும் போவதை விட்டுவிட்டோம்."

இப்பொழுது அவருடைய தம்பிக்கு ஆவணியில் கும்பகோணத்தில் கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவர் இவர்தான். "ஒரே தம்பி. அந்த முடிச்சைப் போட எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார்.

பள்ளியில் கண்ணனுக்குச் சிறப்புப் பயிற்சி தரும் ஆசிரியை ஒரு யோசனை சொன்னார். கல்யாணத்தைச் சமாளிப்பதற்கு முன்னால் கடற்கரையில் பழக வேண்டும். கடற்கரைக்கு முன்னால் வீட்டில் பழக வேண்டும்.

முதலில் படச் சீட்டுகள் தயாராயின. ரயில், மணல், அலை, சுண்டல், வீடு என்று ஞாயிற்றுக்கிழமை நடப்பதெல்லாம் வரிசையாக ஒட்டப்பட்டன. இவற்றோடு மஞ்சள் நிறத்தில் இன்னொரு சீட்டு. அதில் ஒரு கேள்விக்குறி. அதற்குப் பெயர் "மாற்றம்".

வீட்டில் தினம் ஒரு மாற்றம். முதல் நாள் மஞ்சள் சீட்டு வந்தபோது, இட்லிக்குப் பதில் அவனுக்குப் பிடித்த ஊத்தப்பம் வந்தது! மாற்றம் என்றால் நல்லதும் வரும் என்று மனசில் பதியவேண்டும் அல்லவா? நாலைந்து நாள் கழித்து, நல்லதும் இல்லாத கெட்டதும் இல்லாத மாற்றங்கள். வாசல் கதவை அம்மாவுக்குப் பதில் அக்கா பூட்டினாள். "பயப்படாதே", "அடம் பிடிக்காதே" என்ற உபதேசம் ஒன்றும் கிடையாது. சீட்டைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

பதினோராவது நாள் ஞாயிறு. நானும் கூடப் போனேன். வழக்கமாக அவர்கள் இறங்குவது கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில். அன்று ஒரு ஸ்டேஷன் தள்ளி, திருவல்லிக்கேணியில் இறங்குவதென்று ஏற்பாடு. மற்றதெல்லாம் பழையபடியே இருந்தன: அதே பை, அதே நீலத் தம்ளர், அப்பாவின் உடம்பில் அதே பழைய சட்டை. ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை அசைக்கக்கூடாது என்பது ஆசிரியை சொன்ன விதி.

கலங்கரை விளக்கம் வந்தது. கண்ணன் எழுந்தான். அம்மா மஞ்சள் சீட்டைக் காட்டினார். பாட்டியின் உதடுகள் ஸ்லோகம் முணுமுணுத்தன. கம்பியை இறுகப் பிடித்தபடி அவன், "மாற்றம். திருவல்லிக்கேணி" என்றான். உட்கார்ந்தான். வண்டி நகர்ந்தது. நான் மூச்சு விட்டேன்.

மணல் ஆயிற்று, அலையும் ஆயிற்று. அடுத்தது சுண்டல். அங்கேதான் வந்தது வினை! வழக்கமான இடத்தில் சுண்டல்காரரைக் காணோம். இந்த மாற்றத்துக்கு யாரும் ஒத்திகை பார்க்கவில்லை.

கண்ணன் மணலில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு அலறினான். நாலு பேர் கூடினார்கள். அப்பா திரைபோல் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "ஒன்றுமில்லை மாமா, கொஞ்சம் இடம் விடுங்கள்" என்று அக்கா கூட்டத்தை விலக்கினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். காதை மூடும் ஹெட்போனைப் போட்டுவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் கைக்கடியாரத்தில் பன்னிரண்டு நிமிஷம்.

வேண்டியது கிடைத்ததும் அடங்குகிற அழுகை வேறு. மனசு தாங்காமல் உடைந்துபோகிற அழுகை வேறு. பின்னதை மிரட்டியும் நிறுத்த முடியாது, மிட்டாய் கொடுத்தும் நிறுத்த முடியாது. சத்தத்தையும் கூட்டத்தையும் குறைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

அழுகை ஓய்ந்ததும் அம்மா கேட்டார்: "கடலையா, சோளமா?"

"வீடு" என்றான் கண்ணன்.

வற்புறுத்தவில்லை. "சரி, வீடு" என்று எழுந்துவிட்டார்கள். ஆனால் கிளம்புமுன் அவன் ஒரு காரியம் செய்தான். சுண்டல் படத்தைத் தானே எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மஞ்சள் சீட்டை வைத்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால் தயங்காமல் ஆலோசனை கேளுங்கள். முட்டுக்காட்டில் 2005 முதல், பல்வகை மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் ஆட்டிசத்தை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. பொது இடத்தில் இத்தகைய குழந்தை அழுவதைக் கண்டால், புத்திமதி சொல்லாதீர்கள்; முறைத்துப் பார்க்காதீர்கள். கொஞ்சம் இடம் விட்டு நகருங்கள். அந்தத் தாய்க்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுதான்.

கும்பகோணத்துக்குப் போவார்களா? அதை இப்பொழுதே சொல்ல முடியாது. கல்யாணச் சத்திரத்தின் போட்டோக்கள் வந்து சுவரில் ஏறிவிட்டன. தினம் சாயங்காலம் நாயன இசை, காதில் விழுந்தும் விழாததுமாக ஒலிக்கிறது. அழுகை வந்தால் ஒதுங்கியிருக்க, சத்திரத்தில் ஓர் அமைதியான அறையும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து அம்மா டெலிபோனில் கூப்பிட்டார். பாட்டிக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் பித்தளை டபராவில் காப்பி வந்தாக வேண்டும். அன்றைக்குப் பால் வரத் தாமதம். ஐந்தரை மணிக்கு எவர்சில்வர் தம்ளரில் காப்பி வந்தது. பாட்டி பொரிந்து தள்ளிவிட்டாராம்!

கண்ணன் உள்ளே போனான், திரும்பி வந்தான், பாட்டியின் எதிரில் மஞ்சள் சீட்டை வைத்தான்.

"மாற்றம்" என்றான்.

பாட்டி மறுபேச்சில்லாமல் காப்பியைக் குடித்தாராம்.