நீல டிரம்மில் முன்பு என்ன இருந்தது?

மும்பை கோவண்டியில், பைங்கன்வாடி, சிவாஜி நகர் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் வாசலுக்கு வாசல் நீல டிரம் நிற்கும். குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறைவு. டேங்கரில் பிடிக்கும் வீடுகளும் காசு கொடுத்து வாங்கும் வீடுகளும் உண்டு. சேர்த்துவைக்க டிரம் இல்லாமல் குடித்தனம் நடக்காது. புதியது விலை கூடுதல் என்பதால் பங்கார் (பழைய சாமான்) கடையில் பழையதை வாங்குவார்கள். ஓட்டை இருக்கிறதா, மூடி சேர்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. கேட்டாலும் "சோப்பு ஆயில்தான், நல்லா கழுவியாச்சு" என்பதற்கு மேல் பதில் கிடைக்காது. கடைக்காரர் மறைக்கிறார் என்று சொல்ல முடியாது. பல நேரம் அவருக்கே தெரியாது.

லேபிள் கிழியும் இடம்

ஒரு ரசாயனம் ஆலையை விட்டுப் புறப்படும்போது கூடவே ஒரு பாதுகாப்புத் தகவல் தாளும் போக வேண்டும். ஐ.நா. வகுத்த பொது முறைப்படி அதில் 16 பகுதிகள் உண்டு. 4ஆம் பகுதி முதலுதவி பற்றியது. 8ஆம் பகுதி எந்தக் கையுறை, எந்த முகக்கவசம் என்று சொல்லும். பொருள் தீர்ந்த பிறகு மிச்சத்தையும் கேனையும் என்ன செய்வது என்பது 13ஆம் பகுதியில் இருக்கும். ஆலை, லாரி, கிடங்கு, வாங்கிய கம்பெனி வரை இந்தத் தாள் பயணம் செய்யும். பிறகு அது கம்பெனியின் ஃபைலில் தங்கிவிட, டிரம் மட்டும் வெளியே வரும். 13ஆம் பகுதியை யார் அவசியம் படிக்க வேண்டுமோ, அவர் கைக்கு அது வந்து சேர்வதே இல்லை.

சட்டம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில், ரசாயனம் ஒட்டிய காலி டிரம்களுக்கென்றே முதல் அட்டவணையில் 33.1 என்ற வரிசை எண் இருக்கிறது. அதாவது, டிரம் காலியானாலும் அது அபாயகரக் கழிவுதான். அதைக் கழுவிச் சுத்தம் செய்ய அனுமதி பெற்ற இடத்துக்கோ, தலோஜாவில் இருப்பதைப் போன்ற அபாயக் கழிவு மையத்துக்கோ அனுப்ப வேண்டும். ஆனால் தலோஜாவுக்கு அனுப்பினால் கம்பெனிக்குச் செலவு, பங்கார்காரரிடம் போட்டால் வரவு. டிரம் எந்தப் பக்கம் உருளும் என்று விளக்க வேண்டியதில்லை.

கழுவினால் போகாதா?

ஓரளவுதான் போகும். இந்த நீல டிரம்கள் கெட்டியான பாலித்தீனால் ஆனவை. பெயின்ட் தின்னர் போன்ற கரைப்பான்கள், பூச்சிமருந்து, எண்ணெய்ப் பசையுள்ள ரசாயனங்கள் எல்லாம் அந்தப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறி இறங்கும். சோப்பு போட்டுத் தேய்த்தால் மேற்பரப்பு பளிச்சென்று ஆகும். உள்ளே ஊறியது பிறகு ஊற்றும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், வெயில் பட்டால் இன்னும் வேகமாக. வாடை வந்தால் அந்த டிரம் வேண்டாம். வாடை இல்லை என்பதால் மட்டும் அது நல்ல டிரம் ஆகிவிடாது, ஏனென்றால் எத்தனையோ நஞ்சுகளுக்கு மணமே கிடையாது.

ஆகவே குடிக்க, சமைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட ரசாயன டிரம் எந்த நிலையிலும் கூடாது. புதிய டிரம் வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் சமையல் எண்ணெய், ஊறுகாய், சர்க்கரைப் பாகு வந்த டிரம்மை, உணவுக் கம்பெனியின் லேபிள் கிழியாமல் இருந்தால் மட்டும் வாங்கலாம். பூச்சிமருந்துக் கேன் என்றால் லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. பச்சையைக் கண்டதும் நம் கண் 'சைவம்' என்று படித்துவிடும். அங்கே அதன் பொருள் 'நஞ்சு சற்றுக் குறைவு', அவ்வளவுதான்.

டிரம் கழுவுகிறவர் நிலைமை இன்னும் மோசம். அடியில் தங்கிய திரவம் கையில் படுகிறது, ஆவி மூக்கில் ஏறுகிறது, கழுவிய நீர் சாக்கடை வழியாகக் கழிமுகத்துக்குப் போகிறது. தகர டிரம்மை கேஸ் கட்டரால் அறுப்பது இதைவிட ஆபத்து. காலி என்று நினைக்கும் டிரம்முக்குள் கரைப்பான் ஆவி நிறைந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். மான்குர்த் மண்டாலா குடோன்களில் தீ என்ற செய்தி அடிக்கடி வருகிறதே, அங்கே எண்ணெய், ரசாயன டிரம்கள் அடுக்கியிருப்பது வழக்கம்.

கொடைக்கானலின் பழைய இரும்புக் கடை

கடைசிக் கட்டத்தில் பொறுப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று 1980களில் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் அந்த ஊர் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்தான். முறைப்படி ஒப்படைத்திருக்க வேண்டிய கழிவு எடை போட்டு விற்கப்பட்டதால் வந்த வினை, 15 ஆண்டு இழுத்தது.

போபால் இதைவிட நீளம். 1984 விபத்துக்குப் பின் ஆலை வளாகத்தில் கிடந்த நச்சுக் கழிவில் சுமார் 337 டன், அழிப்பதற்காகப் பீதம்பூருக்குப் புறப்பட்டது 2025 ஜனவரியில்.

இந்த இரண்டையும் பார்க்கும்போது, கோவண்டித் தொழிலாளியிடம் போய் "கையுறை போடுங்கள்" என்று மட்டும் சொல்லும் விழிப்புணர்வு முகாம்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. கையுறை வேண்டும்தான். ஆனால் எந்த ரசாயனத்துக்கு எந்தக் கையுறை என்று தெரியாமல் எதைப் போடுவது? காய்கறிக் கடைப் பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டால் கரைப்பான் அதைச் சீக்கிரமே கடந்துவிடும். செய்தவரும் விற்றவரும் டிரம்மைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் செலவை விலையிலேயே சேர்த்துவைப்பதுதான் வழி. பிளாஸ்டிக் பொதிவுக்கும் பேட்டரிக்கும் உற்பத்தியாளரே கடைசிவரை பொறுப்பு என்று 2022 விதிகள் சொல்கின்றன. ரசாயன டிரம் விஷயத்திலும் பிடி அந்த அளவு இறுக வேண்டும்.

புகையாக வருவது

கோவண்டிக்கு வருவது டிரம் மட்டுமா? 1927 முதல் மும்பையின் குப்பை தேவ்நாரில் குவிகிறது. 2016 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு பற்றி எரிந்து, புகை செயற்கைக்கோள் படத்திலும் தெரிந்தது. போதாக்குறைக்கு, நகரத்து மருத்துவமனைகளின் கழிவை எரிக்கும் ஆலையும் 2009இல் இங்கேதான் வந்தது. குடியிருப்போர் சங்கம் ஒன்று வழக்குப் போட, 2023இல் மும்பை உயர் நீதிமன்றம் ஆலையை இரண்டு ஆண்டுக்குள் இடம் மாற்றச் சொன்னது.

குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைப் போதிய வெப்பமின்றி எரித்தால் டையாக்சின் என்ற நஞ்சு பிறக்கும். அது உடல் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். மருத்துவக் கழிவு எரிகலனின் இரண்டாம் அறையில் வெப்பம் 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் நிற்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதனால்தான். தாமிரத்துக்காகச் சந்தில் ஒயரைக் கொளுத்தும்போதும் இதே நஞ்சு வரும். அங்கே அறையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. உரித்து எடுத்தால் நேரம் பிடிக்கும், ஆனால் உரித்த கம்பிக்குக் கொளுத்திய கம்பியைவிட நல்ல விலை கிடைக்கும்.

வீட்டுக்குள் நடப்பது

வேறு பாட்டிலில் ஆசிட், பிஸ்லரி பாட்டிலில் தின்னர், குளிர்பான பாட்டிலில் மண்ணெண்ணெய்: குழந்தைகள் நஞ்சு குடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். ரசாயனம் எந்த டப்பாவில் வந்ததோ அதிலேயே இருக்கட்டும். கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் அது மூச்சை அடைத்துவிடும்.

கண்ணில் தெறித்தால் உடனே 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். தண்ணீர்ப் பஞ்சமான சந்தில் இது கஷ்டம்தான், இருந்தாலும் பக்கத்து வீட்டு டிரம்மையும் காலி செய்து கழுவுங்கள். தோலில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆசிட்டுக்குச் சோடா மாவு, எரிச்சலுக்குப் பற்பசை என்று எதையும் பூச வேண்டாம். விழுங்கியிருந்தால் உப்புத் தண்ணீரோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. ஆசிட் மேலே வரும்போது தொண்டையை மறுபடி எரிக்கும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108க்கு அழையுங்கள். டில்லி எய்ம்ஸின் நஞ்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் வழிகாட்டும். கேனையோ அதன் லேபிள் படத்தையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

டாக்டரிடம் வேலையைச் சொல்லுங்கள்

கோவண்டிப் பக்கம் இருமல் என்றாலே காசநோய் என்று நினைப்பது பழக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்வது சரிதான், அரசு மருத்துவமனையில் அது இலவசம். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் இருமல் நிற்காவிட்டால், "டிரம் கழுவுறேன்", "பேட்டரி உடைக்கிறேன்", "ஒயர் கொளுத்துறேன்" என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். லீவு நாளில் மூச்சு லேசாகி, வேலைக்குப் போனதும் இறுகுகிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் ஆஸ்துமாவா என்று பிரித்தறிய அவருக்கு உதவும். பேட்டரி உடைக்கும் வீடாக இருந்தால், பெரியவரின் கை, சட்டை வழியாக ஈயத் தூள் பிள்ளைக்குப் போகும். வயிற்று வலி, ரத்தசோகை, படிப்பில் மந்தம் என்று அது வெளிப்படலாம். அப்படியானால் ஈயத்துக்கான ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.