தலைவரில்லாச் சபையாகலாமா மாணவர் உரையாடற் குழு?

எமது தாயகப் பாடசாலைகளில் மாணவர் மன்றம் கூடும்போது தலைவர் ஆசனத்தில் அமர்ந்திருப்பார். செயலாளர் சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார். பேச விரும்பும் மாணவர் எழுந்து, தலைவரை விளித்த பின்னரே தம் கருத்தைச் சொல்வார். இவை வெறும் சடங்குகள் என எண்ணியோர் அன்றும் இருந்தனர். ஆயினும், உரத்த குரல் கொண்டோர் மட்டுமன்றிக் கூச்சமுள்ள பிள்ளையும் தன் முறை வரும்போது பேசுவதற்கு இடம் செய்து கொடுத்தவை அச்சடங்குகளே என்பதை மறுப்பதற்கில்லை.

இன்று புலம்பெயர் நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் உயர்நிலைப் பாடசாலைகளிலும் எமது பிள்ளைகள் தமிழ் மாணவர் மன்றங்களை நடத்தி வருகின்றனர். பொங்கல் விழா, கலைமாலை, உதவிநிதி சேகரிப்பு என அவர்கள் ஆற்றும் பணிகள் பாராட்டிற்குரியவை. மன்றத்தின் கூட்டம் எப்போதாவது ஒருமுறை நடைபெறுகின்றது. அதற்குத் தலைவரும் செயலாளரும் உண்டு. அதே மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவோ இரவு பகலாகக் கூடியிருக்கின்றது. ஆனால் அச்சபையை நடத்துபவர் பெரும்பாலும் எவருமில்லை.

சபை ஒழுங்கு தானாக அமைந்துவிடுவதன்று. ஐக்கிய அமெரிக்க இராணுவப் பொறியியலாளரான ஹென்றி மார்ட்டின் றொபேட் 1863ஆம் ஆண்டில் தேவாலயக் கூட்டமொன்றுக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டார். கூட்டம் பெருங் குழப்பமாயிற்று. அதன் பின் கூட்ட நடைமுறைகளைக் கற்றாராய்ந்து 1876இல் அவர் வெளியிட்ட விதிநூலை வட அமெரிக்காவின் எண்ணற்ற சங்கங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. ஒரு நேரத்தில் ஒரு விடயமே பேசப்படல் வேண்டும். பேசுபவரை மற்றவர் குறுக்கிடலாகாது. விவாதம் விடயத்தைப் பற்றியதாக இருத்தல் வேண்டுமேயன்றி ஆளைப் பற்றியதாக இருத்தலாகாது என்பன அதன் அடிப்படைகளுட் சில. கைத்தொலைபேசிக்கும் இவை பொருந்தும்.

எழுதியது நிலைக்கும்

மன்றத்தில் வாய்தவறிச் சொன்ன சொல் காற்றோடு போய்விடும். குழுவில் எழுதிய சொல் அவ்வாறன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் குறித்த காலத்துக்குள் தம் செய்தியை அழிக்கலாம். குழு நிர்வாகியும் பிறர் செய்தியை அழிக்கலாம். ஆனால் அதற்குள் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால் அழித்தும் பயனில்லை. 2017ஆம் ஆண்டில், ஹார்வாட் பல்கலைக்கழகம் தான் அனுமதி வழங்கியிருந்த குறைந்தது 10 மாணவர்களின் அனுமதியை இரத்துச் செய்தது. பேஸ்புக்கில் அமைத்த தனிக் குழுவொன்றில் பாலியல் வன்முறையையும் யூத இனப்படுகொலையையும் கேலி செய்யும் படங்களை அவர்கள் பகிர்ந்தமையே காரணம். தமக்குள் விளையாட்டாகப் பேசுவதாகவே அவர்கள் எண்ணியிருக்கக்கூடும்.

அகதிக் குடும்பங்களைப் பொறுத்தவரை ஆபத்து இன்னும் ஆழமானது. ஒரு மாணவியின் அகதி விண்ணப்பம் இன்னும் விசாரணையில் இருக்கலாம். ஒருவனின் தந்தை ஊரிலேயே தங்கியிருக்கலாம். யாருடைய ஊர் எது, யார் எவ்வழியால் வந்தார், யாருக்கு 'விசா' இல்லை என்பவற்றை நூறு பேர் முன்னிலையில் வேடிக்கையாகக் கேட்பதும் தீங்காகும். சாதியைக் குறிப்பால் உணர்த்தும் கேள்விகளும் அத்தகையனவே. அண்மையில் வந்த பிள்ளையின் ஆங்கிலத்தையோ, இங்கு பிறந்த பிள்ளையின் தமிழையோ எள்ளி நகையாடினால், அப்பிள்ளை எதிர்த்து எழுதாது. மெல்ல மன்றத்தை விட்டே விலகிவிடும்.

மேலும், எழுத்தில் முகபாவமில்லை; குரலின் ஏற்ற இறக்கமுமில்லை. ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்யும்போது 'படம்', 'பாடம்' இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே, சினங்கொள்ளுமுன் 'நீங்கள் கருதியது என்ன?' என ஒருமுறை கேட்பதே நன்று.

குழுவை நடத்தும் முறை

முதலாவதாக, அறிவித்தலையும் அரட்டையையும் வேறாக்குதல் வேண்டும். நிர்வாகிகள் மட்டும் எழுதும் வசதி வாட்ஸ்அப்பில் உண்டு. விழா, கூட்டம் பற்றிய அறிவித்தல்களுக்கு அது போதும்.

இரண்டாவதாக, விதிகள் ஏழெட்டு வரிகளுக்கு மேற்படலாகாது. அவற்றை நேரடிக் கூட்டத்தில் எல்லோரும் பேசி ஏற்றபின், தமிழிலும் வாழும் நாட்டின் மொழியிலும் எழுதிக் குழுவின் விபரப் பகுதியில் இடுதல் வேண்டும். இரவு 10 மணிக்குப் பின் அவசரமன்றி எழுதாமை, ஒருவரின் படத்தையோ தொலைபேசி இலக்கத்தையோ அவர் சம்மதமின்றிப் பகிராமை, மூலம் தெரியாத செய்தியை அனுப்பாமை ஆகியன அவற்றுள் அடங்குவது நன்று. ஊரிலிருந்து வரும் வதந்தி எத்தனை வீடுகளின் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதை நாம் அறிவோம்.

மூன்றாவதாக, நிர்வாகி ஒருவர் போதாது. மூவர் இருத்தல் நலம். அவர்களுள் மாணவியரும் இடம்பெறல் வேண்டும். செயற்குழு மாறும்போது நிர்வாகப் பொறுப்பும் மாறுதல் வேண்டும். படிப்பை முடித்துச் சென்றவர் கையிலேயே குழு தங்கிவிடலாகாது.

நான்காவதாக, திருத்தத்தைத் தனியாகச் செய்தல் வேண்டும். தவறியவருக்கு முதலில் தனிச்செய்தியில் நினைவூட்டல். மீண்டும் தவறினால் எச்சரிக்கை. அதன் பின்னரே சிலநாள் விலக்கல். நிரந்தரமாக நீக்குவதாயின், அவர் தரப்பைக் கேட்டபின் செயற்குழு கூடித் தீர்மானித்தல் வேண்டும். ஆனால் மிரட்டலோ பாலியற் தொல்லையோ ஏற்படின் படிமுறை பார்த்துக் காத்திருத்தலாகாது. அத்தகைய செய்தியை அழிக்குமுன் படமெடுத்துச் சான்றாக வைத்து, பாதிக்கப்பட்டவரின் விருப்பறிந்து, கல்வி நிலையத்துக்கோ காவல்துறைக்கோ அறிவித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஒழுங்கு என்பது வாயடைப்பன்று. செயற்குழுவின் கணக்கைக் கேள்வி கேட்பவரையோ, அரசியலில் வேறு கருத்துடையவரையோ 'ஒழுங்கீனம்' எனக் காட்டி வெளியேற்றும் நிர்வாகி, குழுவைக் காப்பவராகார். விதி தலைவருக்கும் உறுப்பினருக்கும் ஒன்றே. தம்மைப் பற்றிய முறைப்பாட்டைத் தாமே விசாரிக்கும் அதிகாரம் எந்த நிர்வாகிக்கும் இருத்தலாகாது.

பெற்றோருக்கு

பிள்ளையின் கைத்தொலைபேசியைக் களவாகப் பார்ப்பதால் நம்பிக்கை குலையுமேயன்றி ஒழுக்கம் வளராது. மாறாக, 'உங்கள் குழுவை நடத்துபவர் யார்? விதி உண்டா? ஒருவர் புண்பட்டால் யாரிடம் சொல்வது?' எனக் கேட்டுப் பாருங்கள். வயதெல்லையையும் கவனியுங்கள்: ஐரோப்பாவில் வாட்ஸ்அப்பிற்கான குறைந்த வயது 2024 ஏப்ரலில் 16இலிருந்து 13ஆகக் குறைக்கப்பட்டது. எமது ஊர்ச்சங்கக் குழுக்களிலும் கோயிற் குழுக்களிலும் நாம் எழுதும் முறையைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்பதும் நினைவிருக்கட்டும்.

எமது மன்றங்களின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கணக்கறிக்கைக்கும் தெரிவுக்கும் இடையே கால்மணி நேரத்தை இதற்கென ஒதுக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். பேசத் தயங்கும் பிள்ளையும் தன் கருத்தை அச்சமின்றி எழுதுவதற்கு அதுவே முதற்படி.